அருவ ஓவியம், வாத்தியார் வேலை, ஆய்வு: மூணையும் ஒரே ஆள் கொண்டு செலுத்த முடியுமா?

கடனாநதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில ஓவியம் கடைசி வருஷம் படிக்கேன். ஒரு வருஷமா உருவமே இல்லாமத்தான் வரையுதேன். பொங்கலுக்கு மூணு கேன்வாஸ் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். தாத்தா ரொம்ப நேரம் உக்காந்து பாத்துட்டு, "ஏளா, இது முடிஞ்சிட்டா, இல்ல இனிமத்தான் வரையப் போறியா?"ன்னு கேட்டாவ. கிண்டலுக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாவ. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதுல இருந்து அந்தக் கேள்வி மனசுல கிடந்து அரிக்குது.

அப்பா சென்னையில அனிமேஷன் கம்பெனியில சேருன்னு சொல்லுதாவ. எனக்கு எம்.எஃப்.ஏ. (ஓவியத்துல முதுகலை) முடிச்சு, கல்லூரி ஆசிரியர் ஆகுததுக்கான நெட் தகுதித் தேர்வு எழுதி, ஆய்வு செஞ்சு, கல்லூரியில பாடம் நடத்தணும், கூடவே வரையணும். இப்படி வாழ்ந்தவங்க யாராவது இங்க இருந்தா, உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

வரைபலகை எழுதியது:

தங்கச்சி, சங்கரன்கோவில் பக்கம் அரசுப் பள்ளியில ஓவிய ஆசிரியரா இருக்கேன். பகுதிநேரம். 2012-ல தமிழ்நாடு முழுக்க ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வின்னு 16,549 பணியிடம் போட்டாங்க. அதுல ஒருத்தன் நான். மாசம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூணு அரைநாள். பொறவு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. இன்னும் பணி நிரந்தரம் இல்லை.

பயமுறுத்தச் சொல்லல. எங்கிட்ட ஓவியத்துல லோயர், ஹையர்னு ரெண்டு அரசுப் பரீட்சை, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் இருக்கு. ராத்திரி கல்யாண மண்டபத்துக்குப் பேனர் டிசைன் போட்டுத்தான் வீடு ஓடுது. நானும் ஒரு காலத்துல உருவம் இல்லாம வரைஞ்சவன்தான். கடைசியா எப்போ வரைஞ்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். மூத்தவன் பிறக்கதுக்கு முந்தி. படிப்புச் செலவு, விடுதி, பெயிண்ட் விலை எல்லாம் முதல்ல ஒரு நோட்டுல எழுதிப் பாரு. அப்பா சொல்லுததையும் ஒதுக்கிரக் கூடாது.

சிந்துபூந்துறை எழுதியது:

மகளே, உன் தாத்தா கேட்டது நல்ல கேள்வி. என் காட்சிகளுக்கு வந்த பெரிய மனுஷர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வரைபலகை தம்பி சொல்வது சரி. நான் பேசுவது வேறு காலத்துக் கதை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் போர்டு எழுதுகிறவர். தகரத்தில் எனாமல் அடித்து, சுண்ணாம்புக்கட்டி தடவிய நூலைத் தெறித்துக் கோடு போட்டு, எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழவைப்பார். என் முதல் பள்ளிக்கூடம் அதுதான். 1973-இல் மெட்ராஸ் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. 1957-லிருந்து 1967 வரை முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னைக்குத் தெற்கே ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கிய சோழமண்டலம் கிராமத்தில் இருந்தார். எல். முனுசாமியும் ஏ.பி. சந்தானராஜும் கல்லூரியில் ஆசிரியர்கள். எங்களுக்கு முதலில் எல்லாம் பார்த்து வரைவதுதான். சுதைத் தலைகள், பானை, துணி மடிப்பு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள். கை படிகிறவரைக்கும் வேறு பேச்சே கிடையாது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களை நேரில் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், எழுத்து மாதிரி இருந்தும் வாசிக்க முடியாத எழுத்து. எங்கள் ஆச்சி பெட்டியில் வைத்திருந்த ஜாதக நோட்டை நான் அதுவரைக்கும் படமாகப் பார்த்ததே இல்லை.

ஆனால் எனக்கு அருவம் சென்னையில் வரவில்லை, சாத்தான்குளத்தில் வந்தது. மாமா வீடு அங்கே. விடுமுறைக்குப் போனால் தேரிக்காட்டில் போய் உட்காருவேன். தேரி தெரியாதவர்களுக்கு: அது செம்மணல் மேடு. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு தோல்போல ஒட்டியிருப்பதால் அந்தச் சிவப்பு. ஆடி மாதத்துக் காற்றில் மேடு இடம் மாறும். இன்றைக்குப் பார்த்த விளிம்பு நாளைக்கு இருக்காது. நான் பனைமரத்தை வைத்து வரைந்தேன். படம் பனைமரத்தைப் பற்றியதாகப் போனது. மரத்தை எடுத்தேன். அடிவானக் கோடு நின்றது, பார்க்கிறவர்கள் "கடலா, வயலா?" என்று கேட்டார்கள். கோட்டையும் எடுத்தேன். இரண்டு சிவப்பு மிஞ்சியது, நடுவில் காற்று போன தடம். அந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்த தேரி படத்துக்குள் வந்தது. இதற்கு மூன்று விடுமுறை ஆனது.

1982-இல் கல்லூரி வேலை கிடைத்தது. 2013-இல் 58 வயதில் ஓய்வு. இந்த 31 வருடத்தில் பாடம் நடத்தியது என் ஓவியத்தைத் தின்றதா என்று எல்லோரும் கேட்பார்கள். தின்றது பாடம் இல்லை. தேர்வுத் தாள், வருகைப் பதிவேடு, ஆய்வுக் குழு வருகிறதென்று மாதக்கணக்கில் கோப்பு தைப்பது, அவைதான் தின்றன. துறைத்தலைவராக இருந்த ஒரு வருடத்தில் இரண்டே படம் முடித்தேன். பாடமோ எனக்குச் சோறு போட்டதோடு கண்ணையும் கொடுத்தது. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்திய ஓவியர்கள் பால் கிளேயும் காண்டின்ஸ்கியும் 1925, 1926-இல் அடுத்தடுத்து வெளியிட்ட நூல்கள் வகுப்பறையில் விளைந்தவை. புள்ளி எங்கே கோடாகிறது, கோடு எங்கே பரப்பாகிறது என்று ஒரு பையனுக்குச் சொல்லப் போனால், அதுவரைக்கும் நமக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தது தெரிய வரும்.

அதே பௌஹவுஸில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஆல்பர்ஸ் சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்றை வருடா வருடம் முதல் வாரத்தில் வைப்பேன். ஒரே சாம்பல்நிறத் தாளை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை வெள்ளைமேல், மற்றதைக் கறுப்புமேல் ஒட்டச் சொல்வேன். இரண்டும் ஒரே நிறம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒட்டியதைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சத்தம் எழும்பும். 31 வருடமும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

தாத்தா கேள்விக்கு வருகிறேன். இன்னும் ஒரு தீற்றல் வைத்தால் அது மறுபடியும் மரமாகவோ மேகமாகவோ ஆகிவிடும் என்று கை தயங்குகிற இடம் ஒன்று உண்டு. அங்கே முடிந்தது. அதற்கு முன்னால் நிறுத்தினால் அது நிஜமாகவே முடியாத படம்தான், தாத்தாவுக்கு அது தெரிந்துவிடும். அந்த மூன்றில் எதைப் பார்த்துக் கேட்டார் என்று அவரிடமே கேள்.

சாரல்காலம் எழுதியது:

ஐயா, மரியாதையோடயே கேக்கேன். நான் தென்காசியில கடை வச்சிருக்கேன், படிச்ச ஓவியன் இல்லை. எங்க அஞ்சு வயசுப் பிள்ளையும் சுவத்துல ரெண்டு சிவப்பை அப்புது. ஆயிரங்காலத்துச் சித்திரம் இருக்க ஊர்ல இருந்துகிட்டு, எதுக்கு ஒண்ணுமில்லாததை வரையணும்? பாக்குதவனுக்கு ஒண்ணும் கிடைக்கலயே.

சிந்துபூந்துறை எழுதியது:

கேட்டது நல்லது அண்ணாச்சி. பிள்ளை அப்புவதில் பொய் இருக்காது, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. நாளைக்கு அதே சிவப்பை அதே இடத்தில் வைக்கச் சொன்னால் வைக்காது, வேறு விளையாட்டுக்குப் போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வி.எஸ். கெய்தொண்டே என்று ஓர் ஓவியர். 1924-இல் நாக்பூரில் பிறந்தவர். தன் படங்களை அருவம் என்றுகூடச் சொல்ல மாட்டார், 'பொருள் சாராதது' என்பார். ரோலரால் சாயத்தை உருட்டுவார், கத்தியால் வழிப்பார், தாளைக் கிழித்து ஒட்டி எடுத்து அடியில் இருக்கும் படலத்தை வெளியே கொண்டுவருவார். ஒரு வருடத்துக்கு ஐந்தாறு படம், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் உட்கார்ந்து பார்ப்பது. 2001-இல் இறந்தார். 2014-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் வேலையைக் கூட்டிக் காட்சி வைத்தது. ஐந்து படத்துக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்ட ஆளை ஒன்றுமில்லாததை வரைந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்றால், நாதஸ்வரக்காரர் ஆலாபனை வாசிக்கும்போது 'என்ன சொல்கிறார்' என்று நாம் கேட்பதில்லையே. உட்கார்ந்து கேட்கிறோம். வார்த்தை வந்தால்தான் பாட்டு என்று யாரும் எழுந்து போவதில்லை. நம்ம பத்தமடைப் பாயைப் பாருங்கள், பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாக ஓடுகிறது. அதில் என்ன உருவம் இருக்கிறது? அதுவும் அருவ ஓவியம்தான். நெய்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவே.

பாவுநூல் எழுதியது:

ஸார், நீங்க எழுதுன எல்லாத்தையும் ஆசையாப் படிச்சேன். கடைசி வரி மட்டும் மனசுல தச்சிட்டு. நான் பத்தமடைக்காரி. எங்க உம்மா நாற்பது வருஷம் பாய் நெய்தவங்க.

பச்சைக் கோரையைக் கீறிக் காயவச்சு, ஓடுத தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு, மறுபடியும் காயவச்சு, மயிர்க்கால் மாதிரிக் கிழிச்சு எடுக்கணும். தாமிரபரணித் தண்ணியில ஊறுனாத்தான் கோரைக்கு அந்த வழவழப்புன்னு உம்மா சொல்லும். சிவப்புக்கு முந்தி சப்பங்கட்டையை வேகவச்சுச் சாயம் எடுப்பாங்க, இப்போ கடைச் சாயம். பாவுல நூறு, நூத்தி இருபதுன்னு நூல் ஏறுதது நயம் பாய். அதுல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு விரக்கடைதான் ஏறும். பட்டை எங்க மாறணும்னு உம்மாவுக்குத் தெரியும், எத்தனை ஊடைக்கு அப்புறம் பச்சை வரணும்னு எண்ணும், மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் எழுத்தாவே நெய்யும்.

"அவங்களுக்குப் பெயர் தெரியாது"ன்னு நீங்க எழுதுனீங்க. பெயர் இருக்கு ஸார். பாவு, ஊடை, கரை, பட்டை. படுக்கதுக்கும் கல்யாணத்துக்குக் கொடுக்கதுக்கும் நெய்த பாய் அது. சுவத்துல மாட்டிப் பாக்கதுக்கு இல்லை. அதை ஓவியம்னு சொன்னா ஒசத்தி, பாய்னு சொன்னா தாழ்த்தின்னு ஆயிருது. உம்மாவுக்கு முதுகு போயிட்டு, கண்ணும் மங்கிட்டு. அவங்க வாங்குன கூலி என்னன்னு எந்த ஓவியரும் கேட்டதில்லை, "டிசைன் நல்லாருக்கு"ன்னு போட்டோ எடுத்துட்டுப் போனவங்கதான் நிறைய.

சிந்துபூந்துறை எழுதியது:

அம்மா, நான் எழுதியது தவறு. வாதத்தில் ஜெயிப்பதற்காகப் பாயை இழுத்தேன். என் மாணவர்களைப் பத்தமடைக்குக் கூட்டி வந்திருக்கிறேன், நாங்களும் போட்டோ எடுத்தோம். கூலி கேட்டதில்லை.

இதை நான் ஒத்துக்கொள்வதோடு விடக்கூடாது. மெட்ராஸ் ஓவியர்கள் பலரும் நாட்டார் கலையிலிருந்து எடுத்தார்கள், அது அவர்களுக்குப் பலம். ஆனால் சோழமண்டலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1966-இல் அந்தக் கிராமத்தை உண்டாக்கியபோது நிலம் வாங்கக் காசு கொடுத்தது ஓவியம் இல்லை. மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி மாதிரியான கைவேலைகளை ஓவியர்களே செய்து விற்றார்கள், அந்தக் காசு. கைத்தொழில் கீழே, ஓவியம் மேலே என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்ல முடியாது, கைத்தொழிலில்தான் உலை கொதித்தது. இதை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பத்தமடை விஷயத்தில் எனக்கே மறந்துபோனது.

சபைமணி எழுதியது:

பெயர் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லுகிறேன். தாத்தா ஓதுவாராக இருந்த வீடு எங்களுடையது. சைவத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று நிலை. லிங்கம் அருவுருவம்: அடையாளம் உண்டு, அங்கம் கிடையாது. கோயிலுக்குப் போகிற நம்ம ஆட்கள் தினமும் அதற்கு முன்னால்தான் நிற்கிறார்கள். சாரல்காலம் அண்ணாச்சிக்குப் பக்கத்திலேயே குற்றாலத்துச் சித்திரசபை இருக்கிறது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் அங்கே மட்டும் கூத்தபிரானே சுவர்ச் சித்திரமாக இருக்கிறார். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரைக்கும் நெல்லையப்பர் கோயில் தாமிரசபையும் சித்திரசபையும் இரண்டும் நம்ம நெல்லை மாவட்டத்து மண்ணிலேயே இருந்தன. மூர்த்தத்தைச் சுவரில் ஏற்றியும் கும்பிட்டிருக்கிறோம், உருவம் விட்டும் கும்பிட்டிருக்கிறோம். அதற்காக அருவ ஓவியமெல்லாம் பக்தி என்று நான் சொல்ல வரவில்லை. 'அரூபம்' என்பதைவிட 'அருவம்' என்ற சொல் இந்த இழையில் பொருந்துகிறது, அவ்வளவே.

பேட்டைரோடு எழுதியது:

கடனாநதி, நான் இப்போ ஆய்வு மாணவி, கலை வரலாறு. நடைமுறை விஷயம் மட்டும் சொல்லுதேன். நெட்ல காட்சிக்கலை 79-ம் பாடம். முதல் தாள் 50 கேள்வி பொது, ரெண்டாவது 100 கேள்வி பாடம், சேர்த்து மூணு மணி நேரம். அருவம் வரையுதவங்க இந்தப் பரீட்சையில சறுக்குதது எங்கன்னா, அழகியலும் பழைய நூல்களும். சித்திரத்தின் ஆறு அங்கம், ரசம், விஷ்ணுதர்மோத்தரத்துல வஜ்ரன் மார்க்கண்டேயர்ட்ட கேக்குத கேள்வி எல்லாம் வரும். சிற்பம் தெரிய ஓவியம் தெரியணும், அதுக்கு ஆட்டம் தெரியணும், அதுக்கு வாத்தியமும் பாட்டும் தெரியணும்னு மார்க்கண்டேயர் அடுக்கிகிட்டே போவார். மனப்பாடம் செய்யாம, புரிஞ்சு படி.

ஆய்வு நெறியாளரை நீ தேடிப் பாக்கணும். ஓவியம் வரையுத ஆளா இருந்தா நல்லது, இல்லைன்னா உன் கேன்வாஸை அவங்க ஆய்வாவே எடுத்துக்க மாட்டாங்க. எனக்கு அப்படி ஒரு வருஷம் வீணாச்சு.

சிந்துபூந்துறை எழுதியது:

எனக்கு ஒரு வருடம் இல்லை, மூன்று வருடம். என் முன்வரைவை வைத்துக்கொண்டு ஒரு குழுவில், "நீங்கள் வரைவதை நீங்களே ஆய்வு செய்வது எப்படி ஆய்வாகும்?" என்று கேட்டார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. கேள்வி சரியானது என்று பிறகுதான் புரிந்தது. என்னைப் பற்றி எழுதுவதை விட்டேன். திருப்புடைமருதூருக்குப் போனேன்.

அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணியில் கடனாநதி வந்து சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள்ளே ஏணி ஏறிப் போனால் ஒவ்வொரு நிலையிலும் மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். யுத்தம், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல், புராணக் கதை. ஆய்வாளர்கள் எல்லோரும் 'யார், எந்தக் கதை, எந்த அரசன்' என்று எழுதியிருந்தார்கள். நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். உருவங்களுக்கு நடுவில் விட்ட இடம். அந்தக் காவிச் சிவப்பு வெறுமனே பின்னணியாகக் கிடக்கவில்லை, இரண்டு குதிரைக்கால்களுக்கு நடுவில் அதற்கே ஒரு வடிவம் இருக்கிறது. ஓவியன் குதிரையை வரைந்தானா, இடைவெளியை வரைந்தானா என்று சில இடத்தில் சொல்ல முடியாது.

காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நேரம் மாற்றிப் போனேன். கோபுரத்துத் திறப்பு வழியாக வருகிற வெளிச்சம் நகர நகர, மங்கலாகக் கிடந்த சிவப்பு ஒரு அரைமணி நேரம் மட்டும் எழும்பும். வௌவால் நெடி மூச்சை அடைக்கும். டிரேசிங் தாளில் உருவத்தை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் வரைந்து எடுத்தேன். அந்தத் தாள்களை வீட்டில் வரிசையாகப் பரப்பிவைத்தபோது என் தேரிப் படங்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம் போல இருந்தது. ஆய்வேடு அதிலிருந்து வந்தது. அதற்கப்புறம் என் ஓவியமும் மாறியது, இடைவெளிக்குப் பயப்படுவதை விட்டேன்.

ஆகவே மகளே, உன் கேன்வாஸை ஆய்வுப் பொருளாக்காதே. உன் கை எதைத் தேடுகிறதோ, அதை வேறு யாரோ எப்போதோ செய்திருப்பார்கள். அதைப் போய்ப் பார். உன் ஊரிலிருந்து அந்தக் கோயில் பக்கம்தான்.

வரைபலகை எழுதியது:

ஐயா, அந்த டிரேசிங் தாள் விஷயத்தைப் படிச்சதுக்குப் பொறவு ராத்திரி பேனர் வேலையை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் வரைஞ்சேன். இடைவெளியை மட்டும். அடுத்த வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதையே கொடுக்கப் போறேன், நாற்காலிக் காலுக்கு நடுவுல இருக்க இடத்தை மட்டும் வரையச் சொல்லி.

கடனாநதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாத்தாகிட்ட கேட்டேன். மூணாவது கேன்வாஸைப் பாத்துத்தான் கேட்டாவளாம். ஐயா, அது நிஜமாவே முடியல. கரிசல் மண்ணைக் கருவேலம் பிசின்ல குழைச்சுக் கேன்வாஸ்ல பூசியிருந்தேன். ஈரத்துல கன்னங்கரேல்னு இருந்தது, காய்ஞ்சதும் சாம்பலாப் போச்சு. மார்கழி ஈரத்துக்கு ஓரமெல்லாம் செதில் செதிலாப் பேந்து வருது. அதை மறைக்கத்தான் மேல மேல பூசிகிட்டே போனேன்.

பாவுநூல் அக்கா, அடுத்த மாசம் ஊருக்கு வரும்போது உம்மாவைப் பாக்க வரலாமா? கேமரா கொண்டு வரமாட்டேன்.

பாவுநூல் எழுதியது:

வாம்மா. தறி இப்பவும் திண்ணையிலதான் கிடக்கு. கேமரா கொண்டு வா, உம்மாவுக்குத் தன்னைப் போட்டோவுல பாக்கப் பிடிக்கும். பாயை எடுக்கதுக்கு முன்னாடி அவங்களை எடு.

சிந்துபூந்துறை எழுதியது:

கரிசலில் நானும் இப்படித்தான் இரண்டு படத்தை இழந்தேன். அந்தக் களிமண் தண்ணீர் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். வயலில் வெடிப்பு விழுவதும் கேன்வாஸில் செதில் விடுவதும் ஒரே காரணம். பிசினும் ஈரத்துக்கு இளகும், கேன்வாஸ் துணியும் அசையும். மூன்றும் அசைந்தால் எது எதைப் பிடித்துக்கொள்ளும்?

துணியை விட்டுவிட்டுக் கெட்டியான மரப்பலகைக்கு மாறு. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கசடு கீழே தங்கியதும் மேல்கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துத் தெளியவை. இரண்டு மூன்று தடவை செய். பிசினுக்குப் பதிலாக அக்ரிலிக் ஊடகத்தில் குழை. ஒரே பூச்சாகக் கெட்டியாக அப்பாமல் மோர் மாதிரி மெல்லிசாக, ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. கறுப்பு வேண்டுமென்றால் கரிசலை நம்பாதே, காய்ந்தால் சாம்பல்தான் கொடுக்கும். விளக்குக் கரி கொஞ்சம் சேர். எனக்கென்னவோ அந்தச் சாம்பலே நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு பலகையில் கரி சேர்த்தும் ஒன்றில் சேர்க்காமலும் பூசி, அடுத்த ஐப்பசி மழை முடிகிறவரை சமையல்கட்டுச் சுவரில் சாத்தி வை.